லினாக்கா, லேசர் மேசையா? இயற்பியல் படித்துவிட்டு உடம்பின் பக்கம் போக நினைப்பவர்களுக்கு

அக்கா மகள் திருச்சியில் எம்.எஸ்ஸி இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறாள். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி, "சித்தி, எனக்கு பிசிக்ஸை விட மனசில்ல. ஆனா தின் ஃபிலிம், நானோன்னு உக்காரவும் பிடிக்கல. உடம்பு, செல்லு, டிரீட்மென்ட்னு ஏதாவது பண்ணணும். எந்தப் பக்கம் போகட்டும்?" என்று கேட்டாள். வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக, பாதி நினைவிலும் பாதி அவசரத்திலும் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த முறையாவது உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிடுவோம் என்றுதான் இது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சாய்வு இதில் தெரியத்தான் செய்யும். கோவையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை. அதற்கு முன்னால் பெங்களூருவில் ஓர் உயிர் இயற்பியல் ஆய்வகத்தில் எட்டு மாதம் புராஜெக்ட் உதவியாளராக இருந்தேன், பிஎச்.டி சேரும் நினைப்போடு. ஆக இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, ஸ்கேன் கருவிகள், படமெடுப்பு, அதற்கான கணக்கு. அதைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்த அளவுக்குத்தான் தெரியும், அதனால் அதைச் சுருக்கமாகவே சொல்வேன்.

மருத்துவ இயற்பியல் என்றால் என்ன என்பதே நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் "ஆஸ்பத்திரியில வேலைன்னா டாக்டரா, நர்ஸா?" என்பார்கள். இரண்டும் இல்லை என்றால் "அப்ப ஸ்கேன் எடுப்பியா?" என்பார்கள். கடைசியில் "கரண்ட் வைப்பாங்கல்ல, அந்த இடம்" என்றால்தான் புரியும். நம் ஊர் நோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்பது "கரண்ட் வைக்கிறது"தான். அந்தக் கரண்டை எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதும், எந்திரம் நிஜமாகவே அந்த அளவைத்தான் கொடுக்கிறதா என்று அளந்து பார்ப்பதும் எங்கள் வேலை. டாக்டர் கட்டியை வரைந்து "இதுக்கு 50 கிரே, 25 நாளில்" என்பார். கிரே என்பது உடம்பு வாங்கும் கதிர் அளவின், அதாவது டோஸின், அலகு. பக்கத்திலிருக்கும் முதுகுத்தண்டுக்கும் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் எவ்வளவு போகலாம் என்ற வரம்பையும் சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிப்பது எங்கள் தலைவலி.

போகும் பாதை நேரானது. பி.எஸ்ஸியில் இயற்பியல் முக்கியப் பாடமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் இரண்டு வருஷ எம்.எஸ்ஸி மருத்துவ இயற்பியல் படிக்கலாம். அக்கா மகள் மாதிரி ஏற்கெனவே எம்.எஸ்ஸி இயற்பியல் முடிப்பவர்கள் இன்னொரு எம்.எஸ்ஸி படிக்கத் தேவையில்லை, அதற்கு மேல் ஒரு வருஷ டிப்ளமா போதும். மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1960களிலிருந்து நடத்திவரும் டிப்ளமாதான் இதில் பழையது, மதிப்பும் அதற்குத்தான் அதிகம். எந்த வழியில் வந்தாலும் அப்புறம் பன்னிரண்டு மாதம் ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்தால்தான் ஏஇஆர்பி, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், உங்களை மருத்துவ இயற்பியலாளராக ஏற்கும். இதில் ஒரு பள்ளம் உண்டு. பெயரில் "ரேடியேஷன்" இருக்கிறது என்பதற்காக எந்தப் படிப்பிலும் சேர்ந்துவிடாதீர்கள், ஏஇஆர்பி அதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு வருஷம் படித்து முடித்தபின் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வேலையின் குணம் என்ன என்று புரிய வைக்க, என் இன்டர்ன்ஷிப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கதிரைக் கொடுக்கும் எந்திரத்துக்குப் பெயர் லினாக். மாதம் ஒருமுறை அதன் வெளியீட்டை அளப்போம். எந்திரத்துக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் கதிரை அளக்கும் ஒரு சேம்பர். பென்சில் முனை மாதிரி இருக்கும், உள்ளே வெறும் 0.6 கன சென்டிமீட்டர் காற்று. கதிர் போகும்போது அந்தக் காற்றில் எவ்வளவு மின்னூட்டம் உண்டாகிறது என்று எலக்ட்ரோமீட்டர் காட்டும், அதிலிருந்து டோஸைக் கணக்கிடுவோம். சேம்பர் வெளிக்காற்றோடு தொடர்புள்ளது என்பதால், அன்றைய வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்தம் போட வேண்டும். நான் தனியாகச் செய்த முதல் அளவீடு அது. மூன்று முறை எடுத்தேன், மூன்றும் அச்சாக ஒரே மாதிரி. கணக்குப் போட்டால் எந்திரம் நாலரை சதவீதம் குறைவாகக் கொடுக்கிறது என்று வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வந்த இரண்டாவது மாதமே எந்திரத்தில் கோளாறு கண்டுபிடித்துவிட்டேன் என்று. சீனியரிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "பிரஷர் எங்கருந்து எடுத்தே?" என்றார். "போன்ல சார், வெதர் ஆப்."

அவர் எழுந்து வந்து சுவரில் மாட்டியிருந்த பாரோமீட்டரைக் காட்டினார். 965 மில்லிபார். என் போனில் 1010. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானிலைச் செயலி எல்லா ஊருக்கும் அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் சொல்லும். மேலே வர வர காற்று லேசாகிறது, சேம்பருக்குள் இருக்கும் காற்று குறைகிறது, அளவு குறைவாக வருகிறது. அவ்வளவுதான் விஷயம். பிளஸ் டூ பாடம். ஆனால் நான் சொன்னதை நம்பி எந்திரத்தை "சரி" பண்ணியிருந்தால், மறுநாள் காலையிலிருந்து படுத்த ஒவ்வொரு நோயாளிக்கும் நாலரை சதவீதம் கூடுதலாகப் போயிருக்கும். கொடுக்கும் டோஸ் ஐந்து சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்று 1976லேயே சர்வதேச அளவில் பரிந்துரை இருக்கிறது. அந்த மொத்த இடைவெளியையும் ஒரு செல்போனை நம்பி நான் தின்று தீர்த்திருப்பேன்.

இது என் கதை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆன கதைகளும் உண்டு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் 1974 முதல் 1976 வரை கோபால்ட் எந்திரத்தில் 400க்கும் மேற்பட்டவர்களுக்கு அளவுக்கு மீறிய டோஸ் போனது. அதில் கதிரைத் தரும் கோபால்ட்-60இன் வலு ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், அதன் தேய்வு வளைகோடு. அங்கே இருந்த இயற்பியலாளர் அதைச் சாதாரண கிராஃப் தாளில் நேர்கோடாக நீட்டிவிட்டார். நேர்கோடு வளைகோட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? எந்திரம் இருப்பதைவிட பலவீனமாக இருக்கிறது என்று கணக்குக் காட்டியது, அதை ஈடுகட்ட நோயாளிகளைக் கூடுதல் நேரம் கதிருக்குக் கீழே வைத்தார்கள். மாதங்கள் போகப் போகத் தப்பும் பெரிதானது. ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் எந்திரத்தை நேரடியாக அளந்து பார்க்கவே இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் "இயற்பியலைப் பயன்படுத்தி உயிரைக் காப்பாற்றுவது" என்ற நினைப்போடு வருகிறார்கள். நினைப்பு தப்பில்லை. ஆனால் நாளின் பெரும்பகுதி பாரோமீட்டரைப் பார்ப்பதுதான். தினமும் காலை ஏழு மணிக்கு, முதல் நோயாளி வருவதற்கு முன், அதே ஐந்தாறு சோதனை. நேற்றும் சரியாக இருந்தது, அதற்கு முந்தின நாளும் சரியாக இருந்தது. இன்றைக்கும் சந்தேகத்தோடு பார்க்க முடிகிறவர்களுக்கான வேலை. புதுசாக எதுவும் நடக்காத நாள்தான் இங்கே நல்ல நாள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. "பொம்பளப் புள்ள, கதிர்வீச்சாச்சே, நாளைக்குக் குழந்தை குட்டி?" அக்காவே கேட்டாள். லினாக் சுவிட்சைப் போட்டால்தான் கதிர், அணைத்தால் எக்ஸ்ரே எந்திரம் மாதிரி சும்மா கிடக்கும். நாங்கள் கான்கிரீட் சுவருக்கு வெளியே இருந்துதான் இயக்குவோம். எங்கள் மேல் படும் கதிரைப் பதிவுசெய்ய மார்பில் மாட்டியிருக்கும் பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிக்கப்படும். வேலை செய்பவருக்கு நம் நாட்டில் வரம்பு ஐந்து வருஷச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (இப்படிப் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று சொன்னதும் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு மீதி மாதங்கள் முழுக்க 1 மில்லிசீவர்ட் என்று வரம்பு சுருங்கிவிடும். நான் இரண்டு பிள்ளைகள் பெற்றேன், இரண்டு முறையும் பேட்ஜில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் பதிவாகவில்லை. உண்மையான தொந்தரவு வேறு இடத்தில். இன்டர்ன்ஷிப்பில் தரும் பணம் சில இடங்களில் பஸ்ஸுக்கும் டீக்கும்தான் காணும். ஆரம்பச் சம்பளத்தை ஐடியில் இருக்கும் சிநேகிதியோடு ஒப்பிட்டால் ராத்திரி தூக்கம் வராது. எந்திரம் மக்கர் பண்ணினால் ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்றால், இருக்கிறது. புரோட்டான் சிகிச்சை 2019இல் சென்னைக்கு வந்துவிட்டது. அப்பல்லோ புரோட்டான் மையம்தான் தெற்காசியாவில் முதல். எக்ஸ்ரே உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரை போகும். புரோட்டானோ குறிப்பிட்ட ஆழம் வரை போய், நிற்கப்போகும் இடத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும், அதற்கு அந்தப் பக்கம் அநேகமாக ஒன்றும் போகாது. எந்த நோயாளிக்கு இது அந்தச் செலவுக்குத் தகுந்த நன்மை தரும் என்பதே பெரிய ஆய்வுக் கேள்வி. குழந்தைகளின் மூளை, முதுகுத்தண்டுக் கட்டிகளுக்குத் தயங்காமல் ஆம் என்பேன். புராஸ்டேட்டுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று ஃபிளாஷ். வழக்கமாக நிமிடத்துக்குச் சில கிரே என்று கொடுப்பதை வினாடிக்கு 40 கிரேக்கும் மேலான வேகத்தில், கண் சிமிட்டுவதற்குள் கொடுத்து முடிப்பது. 2014இல் பிரான்சில் எலிகளில் பார்த்தார்கள், கட்டி அதே மாதிரி சுருங்குகிறது, ஆனால் நல்ல திசு குறைவாகவே கெடுகிறது. 2018இல் லொசானில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை. இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் மைக்ரோ வினாடிக் கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம் அது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இன்றைக்கு இருக்கும் மிக அழகான கேள்வி அதுதான். ஆனால் பெரும்பாலான மருத்துவமனைகளில் ஆராய்ச்சி என்பது கடைசி நோயாளி போனபின், ராத்திரி எட்டு மணிக்கு மேல், நீங்களாகத் திருடி எடுக்கும் நேரத்தில் நடப்பது. இதை மறைத்துச் சொல்லக் கூடாது.

சரி, இனி அந்தப் பக்கம், உயிர் இயற்பியல்.

பெங்களூரு ஆய்வகத்தில் என் வேலை ஒளிச் சாமணம். லேசரை லென்ஸ் வழியாகக் கூர்மையாகக் குவித்தால், குவியும் இடத்தில் ஒரு மைக்ரான் பிளாஸ்டிக் மணியைப் பிடித்து நிறுத்தலாம். ஆர்தர் ஆஷ்கின் 1986இல் செய்து காட்டியது, 2018இல் தொண்ணூற்றாறாவது வயதில் நோபல் வாங்கினார். அந்த மணியில் கைனசின் என்ற மோட்டார் புரதத்தை ஒட்டவைத்து, செல்லுக்குள் இருக்கும் தண்டவாளம் மாதிரியான நுண்குழாயின் மேல் விட்டால், அது மணியை இழுத்துக்கொண்டு நடக்கும். ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர். எதிர்த்து இழுத்தால் ஆறு பிகோநியூட்டன் போலத் தாங்கும், அதற்கு மேல் நின்றுவிடும். ஒரு சிவப்பணுவின் எடையே சுமார் ஒரு பிகோநியூட்டன்தான். ஆறு பிகோநியூட்டனை 8 நானோமீட்டரோடு பெருக்கினால் 48. செல்லின் எரிபொருளான ஏடிபியின் ஒரு மூலக்கூறு தரும் ஆற்றல் அதே அலகில் சுமார் நூறு. ஏறக்குறைய ஐம்பது சதவீதத் திறன், அதுவும் சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தில். இந்தக் கணக்கை முதல் முறை பேப்பரில் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது அழகு. இனி நிஜம். எட்டு மாதத்தில் முதல் மூன்று மாதம் லேசரை நேராக்குவதிலேயே போயிற்று. யாராவது கதவைச் சாத்தினால் வரைகோடு துள்ளும். ஏசி காற்று பட்டால் நகரும். நாங்கள் அளக்க வந்தது 8 நானோமீட்டர், கட்டடமே அதற்கு மேல் ஆடும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தெருவில் லாரி குறைந்தபின் அளப்போம். நடுவில் புரதம் செத்துப்போகும், மறுபடி புதுசாகத் தயாரிக்க வேண்டும். எட்டு மாதத்தில் நல்ல படிக்கட்டு மாதிரியான வரைகோடு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ராத்திரி. மறுநாள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் திரும்பச் செய்தால் வரவில்லை. நான் செய்த தப்பு என்ன என்று கடைசிவரை தெரியவில்லை. ஒருவேளை தப்பே இல்லையோ என்னவோ.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. கூட இருந்த பையன் ஒருவன், ஆறு வருஷம் அதே மேசையில் இருந்தவன், இந்தத் தெரியாமையை ரசித்தான். "தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன பண்றது?" என்பான். நான் மருத்துவமனைப் பக்கம் வந்தேன், அவன் அங்கேயே இருந்து முடித்தான். இரண்டு பேரும் சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் போக வழி, கேட், நெட்-ஜேஆர்எஃப், ஜெஸ்ட் தேர்வுகள். பெங்களூருவில் உயிரியல் ஆய்வுகளுக்கான தேசிய மையம், ராமன் ஆராய்ச்சி நிலையம், இந்திய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு. சென்னையில் தரமணி கணித அறிவியல் நிறுவனம், ஐஐடி, கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத் துறை. ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மருத்துவமனையின் முதல் வருஷத்தோடு ஒப்பிட்டால் இது மோசமே இல்லை, பல இடங்களில் அதைவிட மேல். கஷ்டம் ஆறாவது வருஷத்தில்தான் தெரியும், அப்போது போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை, தேட வேண்டும், அநேகமாக வெளிநாட்டில், அப்புறம் திரும்பி வர ஓர் இடம் கிடைக்க வேண்டும்.

"ஆல்ஃபாஃபோல்டு வந்தாச்சே, இனி புரதத்தில் என்ன ஆராய்ச்சி?" என்றும் அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. புரதத்தின் வடிவத்தைக் கணினியிலேயே கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு அது. 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்குத்தான் போனது. ஒரு புரதத்தின் உறைந்த வடிவத்தைக் கண்டுபிடிப்பதே முழு பிஎச்.டி என்று யாராவது சொன்னால் யோசிக்கலாம். ஆனால் அது எப்படி அசைகிறது, கூட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது, எவ்வளவு விசைக்கு மடங்குகிறது, செல்லின் சவ்வில் எப்படிக் கூடிப் பிரிகிறது என்பதெல்லாம் வடிவத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. மதன் ராவ் என்ற இயற்பியலாளரும் சத்யஜித் மேயர் என்ற உயிரியலாளரும் சேர்ந்து சவ்வுக்கு அடியிலிருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் மேலேயிருக்கும் மூலக்கூறுகளை எப்படித் திரட்டுகின்றன என்று பெங்களூருவில் பார்த்தார்களே, அந்த மாதிரி வேலைக்கு இரண்டு பக்கத்து ஆளும் வேண்டும்.

மூன்றாவது வழியை ஒரு கதையோடு சொல்லிவிடுகிறேன். ஆலன் கோர்மாக் கேப்டவுனில் இயற்பியல் விரிவுரையாளர். 1956இல் அங்கிருந்த குரூட்டெ ஸ்கூர் மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதிரியக்கப் பொருள்களை ஓர் இயற்பியலாளர் மேற்பார்க்க வேண்டும் என்பது சட்டம், அதனால் வாரத்துக்கு ஒன்றரை நாள் கோர்மாக்கை வந்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தவர், உடம்பு முழுக்க ஒரே அடர்த்தி என்று நினைத்துக்கொண்டு டோஸ் கணக்குப் போடுவதைப் பார்த்தார். உள்ளே எங்கே எவ்வளவு அடர்த்தி என்பதை வெளியிலிருந்து அளந்து கண்டுபிடிக்க முடியாதா என்று யோசித்தார். 1963-64இல் அந்தக் கணக்கைக் கட்டுரையாக வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது, பனியின் அடர்த்தியை அளக்க உதவுமா என்று. 1979இல் சிடி ஸ்கேனுக்காக, அந்த எந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது முப்பதைத் தொடுகிற வயது. பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநார் வாங்கிவந்து எக்ஸ்ரே படமெடுத்து, தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று இழைச் சுருளைக் கண்டார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து போட்ட வரைபடத்தில்தான் இன்றைக்கும் உலகத்தில் யார் புரத வடிவம் கண்டாலும் சரியா என்று உரசிப் பார்க்கிறார்கள். அதே மனிதர் 1971இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் உருவத்தை வேகமாகத் திரும்பக் கட்டும் ஒரு கணக்கு முறையைக் கொடுத்தார். சிடி ஸ்கேன் மென்பொருளில் "ராம்-லாக்" என்று ஒரு வடிகட்டி இருக்கும். ஏதோ வெள்ளைக்காரர் பெயர் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ராமச்சந்திரன்–லட்சுமிநாராயணன்.

ஆக, கணக்கிலும் நிரல் எழுதுவதிலும் கை ஓடுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது வழி நல்லது. எம்ஆர்ஐ, சிடி, அல்ட்ராசவுண்ட், செயற்கை நுண்ணறிவு என்று வேலைச் சந்தையும் அகலம். ஐஐடி மெட்ராஸின் மூளை மையம் 2024இல் கருவிலிருக்கும் சிசுக்களின் மூளையை 5,132 வெட்டுப்பகுதிகளாகப் படமெடுத்து எல்லோரும் பார்க்க வெளியிட்டது, அப்படி ஒன்றைச் செய்யப் பொறியாளர், மருத்துவர், இயற்பியல்காரர் எல்லோரும் வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இங்கே நீங்கள் மோதப்போவது கணினிப் பொறியியல் பிள்ளைகளோடு. யாரோ கொடுத்த படங்களைப் போட்டு ஒரு மாடலைப் பழக்குவதோடு நின்றால் இயற்பியல் படித்ததற்கு அர்த்தமில்லை. அந்தப் படம் எப்படி உண்டாகிறது, அதில் எது நிழல், எது நிஜம் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு அங்கே இடம்.

சரி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சம்பளம், ஊர், படிக்கும் காலம் எல்லாம் முக்கியம்தான், ஆனால் இத்தனை வருஷத்தில் யார் சந்தோஷமாக இருக்கிறார்கள், யார் புலம்புகிறார்கள் என்று பார்த்தால் அதெல்லாம் இரண்டாம்பட்சமாகத்தான் தெரிகிறது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது. நீ செய்யும் தப்பு எவ்வளவு நாளில் உன்னிடம் திரும்பி வந்தால் உனக்குத் தாங்கும், அது யார் தலையில் விழும்? மருத்துவமனையில் மத்தியானத்துக்குள் வரும், நோயாளி தலையில் விழும். அதனால்தான் எதையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கிறோம். ஆய்வகத்தில் தப்பு மூன்று வருஷம் உள்ளேயே ஒளிந்திருந்து, கட்டுரை எழுதும்போது தலைகாட்டும், உன் தலையில்தான் விழும். படமெடுப்புப் பக்கம் இரண்டுக்கும் நடுவில். மருத்துவமனையின் பதற்றம் ஒத்துவராதவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் மோசமான இயற்பியலாளர்கள் இல்லை. அதே மாதிரி பதிலே வராத வருஷங்கள் ஒத்துவராத நான் ஒருத்தி.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லமாட்டார்கள். இந்தக் கதவுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திறக்காது. மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே, அல்லது நாலு வருஷம் கழித்து, மருத்துவ இயற்பியலில் பிஎச்.டி செய்யலாம். என் சக ஊழியர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் உயிர் இயற்பியலில் பிஎச்.டி முடித்துவிட்டு வந்தாலும், மருத்துவமனையில் உட்கார அதே ஒரு வருஷ டிப்ளமாவும் அதே பன்னிரண்டு மாதமும் முதலிலிருந்து. முப்பத்திரண்டு வயதில் இன்டர்ன். முடியாதது இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் பிஎச்.டி வாங்கிய கையோடு உயிரியல் வகுப்பில் மாணவராகப் போய் உட்கார்ந்தவர்தான், 2009இல், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்காக நோபல். ஆனால் அவரை உதாரணம் காட்டி யாரையும் ஏற்றிவிட எனக்கு மனசு வராது, நம் வீடுகளில் முப்பத்திரண்டு வயதில் இன்டர்ன் என்றால் அந்தப் பெண் எவ்வளவு பேச்சுக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

அதனால் அக்கா மகளுக்கு நான் சொன்னது, ஜெஸ்டும் கேட்டும் இந்த வருஷமே எழுது, படித்த சூடு ஆறுவதற்குள். நல்ல இடம், நல்ல வழிகாட்டி கிடைத்தால் போ. சுமாரான இடம் என்றால் பிஎச்.டி என்ற பெயருக்காகப் போகாதே, டிப்ளமாவுக்கு விண்ணப்பி. "எதுவும் கிடைக்கலன்னா மெடிக்கல் பிசிக்ஸ்" என்று மட்டும் வராதே. எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள்தான் காலைச் சோதனையைப் பார்க்காமலே டிக் அடிப்பவர்கள். நான் அவளாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாள். போன வருஷம் நிரலில் இருந்த ஒரு பிழையைத் தேடிப் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தாள், பதினோராவது நாளும் உற்சாகமாகத்தான் பேசினாள். நீ லேசர் மேசைக்காரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்றேன். அக்காவுக்கு என் மேல் கோபம்.

எதற்கும் இருக்கட்டும் என்று செமஸ்டர் லீவில் இரண்டு வாரம் எங்கள் துறையில் வந்து இருக்கச் சொன்னேன், முறைப்படி கடிதம் வாங்கி. முதல் நாள் காலை ஏழு மணிக்கு மாத அளவீடு. தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னேன், வெப்பநிலை, அழுத்தம் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. பாரோமீட்டர் முன்னால் நின்றாள், போனை எடுத்துப் பார்த்தாள், மறுபடி பாரோமீட்டரைப் பார்த்தாள்.

"சித்தி, இது 964ன்னு காட்டுது, போன்ல 1011ன்னு இருக்கு. இது ரிப்பேரா?"

நான் பதில் சொல்லவில்லை. நாங்கள் அளந்து முடிக்கும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டு, டிஷ்யூ பேப்பரில் 400 மீட்டருக்குக் கணக்குப் போட்டு என் பக்கம் தள்ளினாள். 965. எந்தப் பக்கம் போகிறாள் என்று இன்னும் சொல்லவில்லை.